வீட்டிலேயே யோக சாதனை: இயமம் முதல் தியானம் வரை, எதற்குப் பின் எது?

உடல், மனம், உயிர் மூன்றையும் ஒரே நெறியில் நிறுத்தும் சாதனையாக யோகத்தைப் பழக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடை குறைக்கவோ முதுகு வலிக்காகவோ மட்டும் செய்பவர்களுக்கு 4, 5 ஆகிய பகுதிகள் போதும். மற்றவர்கள் நாள்தோறும் காலையில் 1 மணி நேரம் ஒதுக்க வேண்டும்; குறைந்தது 6 மாதம் பொறுமையாக இருக்க வேண்டும். குனிந்தால் கை தரையைத் தொடுகிறதா என்பது இப்போதைக்குப் பொருட்டே இல்லை.

காலை வகுப்புகளில் புதியவர்களோடு இருந்து பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரியும். பாதியில் நிறுத்திவிடுகிறவர்களில் பெரும்பாலோர் சோம்பேறிகள் அல்லர், வரிசையை மாற்றியவர்கள். 10 நிமிடம் அசையாமல் உட்கார முடியாதவர் முதல் நாளே தியானத்தில் இறங்குகிறார். மூச்சு இன்னும் சீராகாதவர் மூச்சை அடக்கிப் பார்க்கிறார். ஆசனம் கைகூடிய பிறகே பிராணாயாமம் என்று பதஞ்சலி யோக சூத்திரத்தில் தெளிவாகச் சொல்கிறார். திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இயமம் (விலக்க வேண்டியவை), நியமம் (கடைப்பிடிக்க வேண்டியவை), ஆதனம் (ஆசனம்), பிராணாயாமம் (மூச்சுப் பயிற்சி), பிரத்தியாகாரம் (புலன்களை உள்ளே திருப்புதல்), தாரணை (மனத்தை ஒன்றில் நிறுத்துதல்), தியானம், சமாதி (மனம் அதிலேயே ஒன்றிப்போதல்) என்றே அடுக்குகிறார். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு வேண்டியதை உடலிலும் மனத்திலும் தயார் செய்கிறது. அதனால்தான் இந்த வரிசை.

1. தொடங்குமுன் உடல்நிலையைப் பாருங்கள்

உயர் ரத்த அழுத்தம், இதய நோய், கண் அழுத்த நோய், வலிப்பு, குடலிறக்கம், கழுத்து எலும்புத் தேய்மானம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் கருவுற்றிருப்பவர்களும் அப்படியே. இவர்கள் தலைகீழ் ஆசனங்களையும், மூச்சை அடக்குவதையும், கபாலபாதி போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகளையும் தவிர்க்க வேண்டும். மற்ற பெரும்பாலான பயிற்சிகளைச் சிறு மாற்றங்களோடு செய்யலாம்.

பலர் சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கடுமையான மனச்சோர்வுக்கோ வேறு மனநோய்க்கோ சிகிச்சை பெறுபவர்கள் நீண்ட நேரம் தனியே கண்மூடி உட்கார வேண்டாம். உள்ளே அடங்கிக் கிடப்பது அப்போது பொங்கி எழக்கூடும். அவர்களுக்கு ஆசனமும் மெல்லிய மூச்சுக் கவனிப்பும் போதும். மற்றதை மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம். யோகம் தொடங்கியதை நம்பி எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்தவே கூடாது.

2. இடம், நேரம், வயிறு

ஒரு பாய் விரிக்கும் இடம் போதும். ஆனால் தினமும் அதே இடமாக இருக்கட்டும். அந்த மூலையைப் பார்த்ததுமே உடல் தயாராகிவிடும் பழக்கம் சில வாரங்களில் வந்துவிடும். வழுக்கும் டைல்ஸ் தரையில் வெறும் கோரைப்பாய் நகர்ந்துபோகும். அதன் அடியில் ஒரு ஜமுக்காளத்தை மடித்துப் போட்டால் நிற்கும். முட்டிக்கும் மெத்தென்று இருக்கும். மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம். வியர்த்த உடலில் காற்று பட்டால் தசைகள் இறுகுவதோடு, மூச்சைக் கவனிக்கும்போது தோலின்மேல் படும் காற்றே கவனத்தை இழுத்துவிடும்.

விடியலுக்கு முன் எழுவதைப் பெரியவர்கள் வலியுறுத்தியதற்கு நடைமுறைக் காரணம் உண்டு. வயிறு காலியாக இருக்கும், வீடு அடங்கியிருக்கும், அன்றைய கவலை இன்னும் தலைக்குள் ஏறியிருக்காது. பால்காரர் வருவதற்கும் மிக்ஸி ஓடத் தொடங்குவதற்கும் முன்பாகக் கிடைக்கும் அந்த 1 மணி நேரத்தைப் பிடியுங்கள். இரவுப் பணி செய்பவர்கள் மாலையில் வைத்துக்கொள்ளலாம். முழுச் சாப்பாட்டுக்குப் பின் 4 மணி நேரமும், சிற்றுண்டிக்குப் பின் 2 மணி நேரமும் இடைவெளி வேண்டும். நிரம்பிய வயிறு மூச்சுக்கு உதவும் உதரவிதானத்தைக் கீழே இறங்க விடாது.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் உண்மையில் காலையில் இல்லை, முந்தைய இரவில் இருக்கிறது. இரவு 10 மணிக்குப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு, நள்ளிரவு வரை கைபேசியைப் பார்த்துவிட்டு, 4.30 மணிக்கு அலாரம் வைப்பவர் மூன்றாவது நாள் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கிவிடுவார். முதல் வாரம் எழும் நேரத்தை விட்டுவிடுங்கள். இரவு உணவை 8 மணிக்குள் முடிப்பதையும் 10 மணிக்குள் படுப்பதையும் மட்டும் பழகுங்கள். எழுவது தானாக வரும்.

3. இயம நியமம்: ஒன்றே ஒன்றை எடுங்கள்

வகுப்புகளில் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் படி இது. எனக்கு இதில் விட்டுக்கொடுக்க மனமில்லை. பதஞ்சலி கூறும் இயமங்கள் ஐந்து: கொல்லாமை, வாய்மை, கள்ளாமை, பிரமசரியம், தேவைக்கு மேல் சேர்க்காமை. நியமங்களும் ஐந்து: தூய்மை, மனநிறைவு, தவம், நூல் ஓதித் தன்னை அறிதல், இறைவனிடம் ஒப்படைத்தல். திருமூலர் தம் இயமப் பட்டியலில் ‘பகுத்துண்பான்’ என்பதையும் சேர்த்திருக்கிறார். தனியே கண்மூடி உட்காரப் போகிறவனிடம், முதலில் உணவைப் பகிர்ந்து உண் என்கிறார்.

இவை ஏன் ஆசனத்துக்கு முன்பே வருகின்றன? தியானத்துக்கு உட்கார்ந்து பார்த்தால் காரணம் புரியும். நேற்று அலுவலகத்தில் சொன்ன பொய், தம்பியிடம் வீசிய கடுஞ்சொல், திருப்பித் தராத கடன் என்று அவைதாம் முதல் 10 நிமிடமும் வந்து நிற்கும். பகலில் சிக்கலைப் பெருக்கிக்கொண்டே விடியலில் அமைதியைத் தேடினால் கிடைக்காது.

பத்தையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அதையும் சிறியதாக்குங்கள். ‘இனி உண்மையே பேசுவேன்’ என்பது காப்பாற்ற முடியாத நோன்பு. ‘தொலைபேசியில் கிளம்பாமலே கிளம்பிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்’ என்பது காப்பாற்றக்கூடியது. 1 மாதம் அதைக் கவனியுங்கள். தவறிய நாளில் தண்டனை வேண்டாம். தவறியதைக் குறித்துவைத்தால் போதும். இந்தக் குறிப்பேடு பின்னால் உதவும்.

4. ஆசனம்: உட்காரக் கற்பதற்காக

ஆசனம் நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்பதுதான் பதஞ்சலி வைக்கும் ஒரே இலக்கணம். ஆன்மிக சாதனையில் மற்ற ஆசனங்கள் எல்லாம் முதுகை நிமிர்த்தி நெடுநேரம் வலியின்றி அமர உடலைப் பக்குவப்படுத்துகின்றன. எனவே முதல் 6 மாதத்துக்கு 8 அல்லது 10 ஆசனங்கள் தாராளம். தலைகீழாக நிற்கும் சிரசாசனத்தை இந்தப் பட்டியலில் தேட வேண்டாம்.

வரிசை இப்படி இருக்கட்டும்.

முதல் 5 நிமிடம் தளர்த்தல். கணுக்கால், முட்டி, இடுப்பு, தோள், கழுத்து என ஒவ்வொரு மூட்டையும் மெல்ல அசைத்துச் சுழற்றுங்கள். இரவு முழுவதும் படுத்திருந்ததால் முதுகெலும்பு வட்டுகள் நீரை உறிஞ்சிப் பருத்திருக்கும். எழுந்தவுடன் ஆழமாகக் குனிந்தால் அவற்றின்மேல் அழுத்தம் கூடும். காலையில் முதல் வேலையாகச் சூரிய நமஸ்காரத்தை வேகமாகச் செய்து இடுப்பைப் பிடித்துக்கொள்பவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை.

அடுத்து நின்று செய்பவை: தாடாசனம் (நிமிர்ந்து நேராக நிற்பது), திரிகோணாசனம் (காலை அகட்டிப் பக்கவாட்டில் சாய்வது), மெதுவான சூரிய நமஸ்காரம் 3 சுற்று. உடல் சூடேறவும் கால் தசைகள் நீளவும் இவை.

பிறகு குப்புறப் படுத்து புஜங்காசனம் (நெஞ்சைத் தூக்குவது), சலபாசனம் (கால்களைத் தூக்குவது). நிமிர்ந்து உட்கார வைக்கும் முதுகுத் தசைகளுக்கு வலுவூட்டுபவை இவை. நாள் முழுவதும் கணினி முன் கூனி இருப்பவர்கள் இவற்றை விடவே கூடாது.

அதன்பின் உட்கார்ந்து செய்பவை: பத்தகோணாசனம் (பாதங்களைச் சேர்த்து முட்டிகளை விரித்து அமர்வது), ஜானுசிரசாசனம் (ஒரு காலை மடக்கி, நீட்டிய காலை நோக்கிக் குனிவது), பச்சிமோத்தானாசனம் (இரு கால்களையும் நீட்டிக் குனிவது), கடைசியில் அர்த்த மத்ஸ்யேந்திராசனம் (அமர்ந்து முதுகைத் திருகுவது). முதுகைப் பின்னால் வளைத்தபின் முன்னால் மடக்குவதும், இரண்டும் முடிந்தபின் திருகுவதும் முதுகைச் சமநிலைக்குக் கொண்டுவரும்.

ஒவ்வொரு நிலையிலும் 5 முதல் 8 மூச்சு நில்லுங்கள். அளவுகோல் மூச்சுதான். மூச்சு நின்றுபோனாலோ வாய் வழியாக வாங்கினாலோ எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். ஒரு படி பின்வாங்குங்கள். தசை இழுபடும் இதமான வலிக்கும் மூட்டுக்குள் குத்தும் வலிக்கும் வேறுபாடு உண்டு. இரண்டாவது வந்தால் உடனே வெளியே வாருங்கள்.

முடிவில் 5 நிமிடம் சவாசனம், அதாவது மல்லாந்து படுத்து உடலைத் தளர்த்தியிருப்பது. இதை விட்டுவிட்டு எழுந்து ஓடுபவர்கள் அதிகம். ஆசனங்கள் எழுப்பிய பரபரப்பு அடங்கிய பிறகுதான் அடுத்து வரும் மூச்சுப் பயிற்சிக்கு இதயத் துடிப்பு ஒத்துழைக்கும்.

5. இருக்கையைச் சரிசெய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஓய்வு பெற்ற ஒருவர் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார். சம்மணமிட்டால் அவருடைய இரு முட்டிகளும் இடுப்பைவிட உயரத்தில் நிற்கும். இடுப்பு பின்னால் சரியும், முதுகு கூனும், கூன் தெரியக் கூடாதென்று நெஞ்சை வலிந்து தூக்குவார். 3 நிமிடத்தில் கைகளைப் பின்னால் ஊன்றிவிடுவார். தனக்குத் தியானம் வராது என்றே முடிவு கட்டியிருந்தார். ஒரு கெட்டியான போர்வையை நான்காக மடித்து, அதன் விளிம்பில் அவரை உட்காரச் சொன்னோம். முட்டிகள் கீழே இறங்கின. ஒரு முட்டிக்கும் தரைக்கும் இடையே இருந்த சந்தில் துண்டைச் சுருட்டி வைத்தோம். யாரும் சொல்லாமலே முதுகு நிமிர்ந்தது. அன்று வகுப்பு முடியும்வரை அவர் கையை ஊன்றவில்லை.

இதன் பின்னால் உள்ள விதி எளியது: முட்டி இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். அதற்கு எவ்வளவு உயரம் தேவையோ அவ்வளவு உயரத்துக்கு மடித்துப் போடுங்கள். முழுப் புட்டத்தையும் அதன்மேல் வைக்காமல் முன் விளிம்பில் அமருங்கள். இடுப்பெலும்பு தானாக முன்னோக்கிச் சாயும். முகவாய் சற்றே உள்வாங்கியிருக்கட்டும். கைகள் தொடையின்மேல், முழங்கை உடலை ஒட்டி இருக்கட்டும். கையை முட்டிவரை நீட்டினால் தோள் முன்னால் இழுபடும்.

பத்மாசனத்தில் அமர்ந்தால்தான் யோகம் என்று எண்ண வேண்டாம். அதற்குச் சுழற்சி இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். இடுப்பு திறக்காத நிலையில் பாதத்தை இழுத்துத் தொடைமேல் வைத்தால் அந்தத் திருகல் முழுவதும் முட்டியின்மேல் இறங்கும். அப்படி முட்டி ஜவ்வைக் கெடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் மாடிப்படி ஏற முடியாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். சாதாரணச் சம்மணமான சுகாசனம் போதும். தரையில் அமரவே முடியாதவர்கள் கைப்பிடி இல்லாத நாற்காலியில், முதுகைச் சாய்க்காமல், இரு பாதமும் தரையில் பதிய அமரலாம்.

15 நிமிடம் அசையாமல் உட்கார முடிகிறதா? முடியும்வரை அடுத்த படியை மெதுவாகவே தொடுங்கள். கால் மரத்துப்போவது பெரும்பாலும் நரம்பு அழுந்துவதால். காலை மாற்றிப் போடலாம். ஆனால் மரத்த காலோடு சட்டென்று எழ வேண்டாம், விழுந்துவிடுவீர்கள்.

6. மூச்சு: கணக்குக்கு முன் கவனம்

முதல் 2 வாரம் மூச்சை மாற்றாதீர்கள், கவனித்தால் போதும். ஒரு கையை வயிற்றிலும் ஒரு கையை நெஞ்சிலும் வையுங்கள். மூச்சு உள்ளே போகும்போது முதலில் வயிறு மெல்ல உப்ப வேண்டும். பலருக்கு இது தலைகீழாக நடக்கும். வயிறு உள்ளே போய் தோள் மேலே ஏறும். படுத்துக்கொண்டு பழகினால் விரைவில் திருந்தும்.

அடுத்த மாதம் எண்ணிக்கை. 4 எண்ணி இழுங்கள், 4 எண்ணி விடுங்கள். சிரமமின்றி 10 நிமிடம் செய்ய முடிந்ததும் விடுவதை 6 ஆக்குங்கள், பின்னர் 8 ஆக்குங்கள். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரையும், விடும்போது தணியும். விடும் மூச்சை நீட்டுவதால் உடல் அமைதிப் பக்கம் சாய்கிறது. எண்ணிக்கையைக் கூட்டும் ஆசையில் மூச்சைப் பிதுக்கி விடாதீர்கள். விட்ட பிறகு அடுத்த மூச்சை அவசரமாக இழுக்க நேர்ந்தால் கணக்கு உங்களுக்குப் பெரிது; ஒன்று குறையுங்கள்.

மூன்றாம் மாதம் நாடி சுத்தி, அதாவது இரு நாசிகளிலும் மாறி மாறி மூச்சு விடுவது. வலக்கையின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் உள்ளங்கைப் பக்கம் மடியுங்கள். கட்டைவிரல் வலது நாசிக்கு, மோதிர விரல் இடது நாசிக்கு. வலதை மூடி இடதால் இழுங்கள்; இடதை மூடி வலதால் விடுங்கள்; வலதாலேயே இழுங்கள்; வலதை மூடி இடதால் விடுங்கள். இது 1 சுற்று. தொடக்கத்தில் 5 சுற்று, போகப் போக 10.

இதில் நான் அடிக்கடி திருத்தும் பிழைகள் மூன்று. விரலால் மூக்கை நசுக்குவது: எலும்பு முடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே, மெத்தென்ற பகுதியை இலேசாகத் தொட்டால் போதும். தலை கையை நோக்கிச் சாய்வது: கைதான் தலையிடம் வர வேண்டும். மூன்றாவது, சத்தம். உங்கள் மூச்சு உங்கள் காதுக்கே கேட்டால் வேகம் அதிகம். ஒரு நாசி சற்று அடைத்தாற்போல் இருந்தால் கவலைப்படாதீர்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை நாசிகள் மாறி மாறித் திறப்பது இயல்பு. சளி பிடித்து முழுவதும் அடைத்த நாளில் மட்டும் நாடி சுத்தியை விட்டுவிட்டு, வெறுமனே மூச்சைக் கவனியுங்கள்.

மூச்சை அடக்கும் கும்பகம் எப்போது? திருமந்திரத்தில் இடப்பக்கமாக 16 மாத்திரை பூரகம் (மூச்சை இழுத்தல்), 64 மாத்திரை கும்பகம், 32 மாத்திரை இரேசகம் (மூச்சை விடுதல்) என்ற கணக்கு வருகிறது. மாத்திரை என்பது கண் இமைக்கும் அல்லது விரல் நொடிக்கும் நேரம். இதைப் படித்த ஆர்வத்தில் 64 எண்ணும் வரை மூச்சைப் பிடித்து, கண்ணில் பூச்சி பறக்க நின்றவர்கள் உண்டு. அந்த அளவு முதிர்ந்த சாதகருக்கு உரியது. முதல் 6 மாதம் மூச்சை அடக்கவே வேண்டாம். அதன்பிறகும் நேரில் பார்த்துத் திருத்தக்கூடிய ஆசிரியர் இல்லாமல் தொடங்காதீர்கள். கபாலபாதி, பஸ்திரிகா ஆகிய வேகமான மூச்சுப் பயிற்சிகளையும் காணொளியைப் பார்த்துப் பழகாதீர்கள். தலைச்சுற்றல், படபடப்பு, இரவில் உறக்கம் கெடுதல் ஆகியவை தென்பட்டால் மூச்சுப் பயிற்சி அளவை மீறிவிட்டது. சில நாள் முழுதாக நிறுத்துங்கள்.

7. புலன்களை உள்ளே திருப்புதல்

பிரத்தியாகாரத்தைப் பலர் வெறும் கண்மூடுதலாக நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். காது திறந்தே இருக்கிறது. காதின் வழியேதான் மனம் வெளியே ஓடுகிறது. ஒலியோடு சண்டை போடாமல் அதையே படியாக்கிக்கொள்ளும் முறை ஒன்று உண்டு.

கண்ணை மூடி, கேட்கும் ஒலிகளில் மிகத் தொலைவில் உள்ளதைத் தேடுங்கள். நெடுஞ்சாலையில் போகும் லாரியாக இருக்கலாம். 1 நிமிடம் அதைக் கேளுங்கள். பிறகு தெருவில் உள்ள ஒலி, பிறகு வீட்டுக்குள் உள்ள ஒலி, பிறகு உங்கள் அறையில் உள்ள ஒலி, கடைசியாக உங்கள் மூச்சு. ஒவ்வொன்றாக விட்டு உள்ளே வரும்போது, விட்டவை மறைந்துபோகாவிட்டாலும் உங்களை இழுப்பதில்லை.

பிராமரி என்ற ரீங்கார மூச்சும் இங்கே பயன்படும். காது மடலின் முன் உள்ள சிறு குருத்தெலும்பால் காதை இலேசாக மூடி, மூச்சை விடும்போது வண்டுபோல ரீங்கரியுங்கள். 5 முறை போதும். முடித்ததும் உடனே கையை இறக்கி அடுத்ததற்குத் தாவாமல், அந்த அதிர்வு தலைக்குள் அடங்கும்வரை இருங்கள். அடங்கும் அந்த நேரத்துக்காகத்தான் பிராமரி.

8. தாரணை, தியானம்

ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். நாசி நுனியில் மூச்சு படும் இடம், ‘நமசிவாய’ போன்று உங்கள் மனத்துக்கு நெருக்கமான மந்திரம், அல்லது ஒரு தீபச்சுடர். எது சிறந்தது என்ற ஆராய்ச்சியில் மாதங்களைத் தொலைக்காதீர்கள். இறைப்பற்று உள்ளவர்களுக்கு மந்திரம் எளிதில் ஒட்டும். இல்லாதவர்களுக்கு மூச்சு போதும். தேர்ந்தெடுத்ததை 3 மாதம் மாற்றாமல் இருங்கள். வாரம் ஒரு முறை மாற்றுபவர்களுக்கு ஒவ்வொரு வாரமும் முதல் வாரம்தான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: மனத்தை அந்தப் பொருளில் வையுங்கள். அது போய்விடும். போனதை அறிந்ததும், திட்டாமல், திரும்பக் கொண்டுவந்து வையுங்கள். 10 நிமிடத்தில் 50 தடவை கொண்டுவந்தால் 50 தடவை பயிற்சி நடந்திருக்கிறது. ‘எனக்கு மனம் நிற்கவே இல்லை’ என்று வருந்துபவர்களிடம் நான் ஒன்றே கேட்பேன்: அது நிற்கவில்லை என்பதை எப்படித் தெரிந்துகொண்டீர்கள்? அந்தத் தெரிந்துகொள்ளுதல் முன்பு இல்லை, இப்போது வந்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எண்ணங்களே இல்லாமல் செய்ய முயல்வது பெரும்பிழை. முயற்சியே இன்னோர் எண்ணமாகி நெற்றியை இறுக்கும். உட்கார்ந்து எழுந்தபின் தலைவலி வருகிறதா? புருவ நடுவில் கண்ணைத் திருகி நிறுத்துகிறீர்களா என்று பாருங்கள். கண் பந்துகள் தளர்ந்தே இருக்க வேண்டும்.

தாரணை விட்டுவிட்டு விழும் துளி என்றும், தியானம் அறாமல் ஒழுகும் எண்ணெய் என்றும் மரபில் சொல்வார்கள். துளியை ஒழுக்காக மாற்றுவது நம் கையில் இல்லை. துளிகளை விழவைத்துக்கொண்டே இருக்கலாம். அவை சேரும் நாளில் சேரும். சமாதியும் அப்படியே. அதற்கென ஒரு பயிற்சியை உங்களுக்கு விற்க வருபவரிடமிருந்து விலகி நில்லுங்கள்.

உயிருக்கான பயிற்சி என்று தனியே ஒன்றைச் சொல்வதானால், உட்கார்ந்த நேரத்தின் கடைசி 2 நிமிடத்தைச் சொல்வேன். அப்போது மந்திரத்தையும் மூச்சையும் விட்டுவிடுங்கள். இன்று நன்றாக வந்ததா இல்லையா என்ற கணக்கையும் விட்டுவிடுங்கள். செய்ததை இறைவனிடமோ, உங்களைவிடப் பெரிதாக நீங்கள் உணரும் ஒன்றிடமோ ஒப்படைத்துவிட்டு வெறுமனே இருங்கள். நியமத்தின் ஐந்தாவது உறுப்பு இங்கேதான் கைக்கு வருகிறது. இதைச் செய்யாமல் ஆண்டுக்கணக்கில் பயின்றவர்களிடம் திறமை வளர்ந்ததையும், கூடவே ‘நான்’ வளர்ந்ததையும் கண்டிருக்கிறேன்.

9. எழும் முறையும் குறிப்பேடும்

உடனே கண்ணைத் திறந்து கைபேசியை எடுக்காதீர்கள். உள்ளங்கைகளைத் தேய்த்துக் கண்மேல் வைத்து, மெல்லத் திறந்து தரையைப் பாருங்கள். கால்களை நீட்டி, மரப்பு நீங்கியதும் எழுங்கள். முதல் அரை மணி நேரம் செய்தியும் வாக்குவாதமும் வேண்டாம்.

1 மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: தளர்த்தல் 5 நிமிடம், ஆசனம் 25, சவாசனம் 5, மூச்சு 10, அமர்தல் 15. நேரம் குறைந்த நாளில் ஆசனத்தை வெட்டுங்கள். அமர்வதை வெட்டாதீர்கள்.

இரவில் குறிப்பேட்டில் மூன்று வரி எழுதுங்கள்: இன்று செய்தேனா, எடுத்த நோன்பு நின்றதா, சினம் வந்தபோது எவ்வளவு நேரம் நீடித்தது. ஒளி தெரிந்தது, உடல் மிதந்தது போன்றவற்றை எழுத வேண்டாம். வீட்டில் இருப்பவர்கள் உங்களிடம் பேசத் தயங்குவது குறைந்திருக்கிறதா என்று 3 மாதம் கழித்து அவர்களிடமே கேளுங்கள். சாதனை வேலை செய்கிறதா என்பதை உங்கள் முதுகு வளையும் அளவைவிட அவர்கள் பதில் சரியாகச் சொல்லும்.

10. வழியில் நிற்கும் தடைகள்

நோய், மந்தம், ஐயம், கவனமின்மை, சோம்பல், புலன் பற்று, மயக்கக் காட்சி, நிலை எட்டாமை, எட்டிய நிலையில் நிற்காமை என ஒன்பது தடைகளைப் பதஞ்சலி எண்ணுகிறார். நடைமுறையில் அடிக்கடி வருபவற்றை மட்டும் சொல்கிறேன்.

தூக்கம்: அமர்ந்ததும் தலை ஆடினால் இரவு உறக்கம் போதவில்லை. அதைச் சரிசெய்யும் வரை கண்ணைப் பாதி திறந்து அமருங்கள்.

அழுகை: சவாசனத்திலோ அமர்விலோ காரணமின்றிக் கண்ணீர் வரலாம். வரட்டும். வாரக்கணக்கில் தொடர்ந்து, பகல் வேலையையும் பாதித்தால் பயிற்சியைக் குறைத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.

காட்சிகள்: வண்ணங்கள், ஒலிகள், உடல் பெரிதாவதுபோன்ற உணர்வு சிலருக்கு வரும். மயக்கக் காட்சியையும் தடைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறார்கள் என்பதை நினைவில் கொண்டு, மூச்சுக்கோ மந்திரத்துக்கோ திரும்புங்கள்.

நாலாம் மாதச் சலிப்பு: தொடக்கத்தின் புதுமை போய், பலன் ஏதும் தெரியாத காலம். பெரும்பாலோர் இங்கேதான் புதிய ஆசனம், புதிய குரு, புதிய முகாம் என்று ஓடுகிறார்கள். நெடுங்காலம், இடையறாமல், மதிப்போடு செய்தால்தான் பயிற்சி வேரூன்றும் என்று பதஞ்சலி சொல்வது இந்தக் காலத்துக்காகவே என்று எனக்குத் தோன்றும். எதையும் சேர்க்காதீர்கள், செய்வதையே இன்னும் கவனமாகச் செய்யுங்கள்.

11. ஆசிரியர், விடுபட்ட நாட்கள்

இதுவரை சொன்னவற்றில் ஆசனத்துக்கும் நாடி சுத்திக்கும் தொடக்கத்தில் சில வாரமாவது நேரில் ஒருவர் பார்த்துத் திருத்துவது நல்லது. உங்கள் முதுகு கூனுவது உங்களுக்குத் தெரியாது. உடல்நிலையைக் கேட்காமல் பயிற்சியைத் தொடங்குபவர், முதல் வாரமே கும்பகம் கற்பிப்பவர், உடலுக்குள் உறங்குவதாகச் சொல்லப்படும் குண்டலினி சக்தியை இத்தனை நாளில் எழுப்புகிறேன் என்று உறுதி தருபவர், கேள்வி கேட்டால் முகம் சுளிப்பவர் ஆகியோரை விட்டு வந்துவிடுங்கள். தாமே நாள்தோறும் பயிற்சி செய்பவரா என்று பாருங்கள். கேட்டால் கூச்சமின்றிச் சொல்வார்.

நாள் விட்டுப்போகும். காய்ச்சல், பயணம், வீட்டு விசேஷம் எல்லாம் வரும். பயணத்தில் 10 நிமிடம் அமர்வை மட்டும் காப்பாற்றுங்கள். ரயில் இருக்கையிலும் அது முடியும். ஒரு நாள் விட்டதற்கு மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம். வழக்கமான அளவே போதும். 1 வாரத்துக்கு மேல் விட்டுப்போனால் மூச்சுக் கணக்கை 4-க்கு 4 என இறக்கி, ஆசனங்களைப் பாதியாக்கித் தொடங்குங்கள். பழைய அளவுக்கு 4, 5 நாளில் வந்துவிடலாம். காய்ச்சலுக்குப் பிறகு என்றால், படி ஏறும்போது மூச்சு வாங்குவது நின்ற பிறகே ஆசனத்தைத் தொடங்குங்கள். அதுவரை படுத்தபடியே வயிற்றில் கைவைத்து மூச்சைக் கவனித்துக்கொண்டிருக்கலாம்.